ஸ்காட்லாந்தின் இளம் மரபிசைக் கலைஞர் விருது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளாஸ்கோ நகரில், கேண்டில்ரிக்ஸ் தெருவில், சிட்டி ஹால்ஸ் என்ற பழைய இசையரங்கு இருக்கிறது. 1841-இல் திறந்தது. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி முதல் வாரத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆறு இளம் கலைஞர்கள் அங்கே ஒருவர் பின் ஒருவராக மேடையேறுகிறார்கள். இரவு முடிவதற்குள் அவர்களில் ஒருவர் அந்த ஆண்டின் இளம் மரபிசைக் கலைஞர் ஆகிவிடுகிறார். இந்தப் போட்டியைப் பற்றி இசையில் ஈடுபாடுள்ள தமிழ் நண்பர்கள் என்னிடம் கேட்டவற்றையும் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

இது என்ன விருது? எப்போது தொடங்கியது?

முழுப்பெயர் 'பிபிசி ரேடியோ ஸ்காட்லாந்து ஆண்டின் இளம் மரபிசைக் கலைஞர்'. திட்டம் 2000-இல் உருவானது. முதல் விருது 2001-இல், ஆரன் தீவைச் சேர்ந்த பிடில் கலைஞர் கில்லியன் ஃபிரேமுக்குக் கிடைத்தது. கிளாஸ்கோவில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் நடக்கும் 'செல்டிக் கனெக்‌ஷன்ஸ்' விழாவின் ஒரு பகுதியாக இறுதிச் சுற்று நடக்கிறது. அந்த விழா 1994-இல் தொடங்கியது. நம் மார்கழி சீசன் முடிந்து மூச்சு வாங்கும் நேரத்தில் அங்கே அவர்களுடைய சீசன் களைகட்டுகிறது.

தொடங்கியவர் யார்?

எடின்பரோவைச் சேர்ந்த சைமன் தூமைர். கான்சர்டினா வாசிப்பவர். கான்சர்டினா என்பது இரண்டு கைகளுக்கு நடுவே பிடித்து இழுத்து அழுத்தும் சிறிய துருத்தி வாத்தியம். அவரே 1989-இல் பிபிசி ரேடியோ 2 இளம் மரபிசைக் கலைஞர்களுக்கு நடத்திய போட்டியில் வென்றவர். இளம் வயதில் கிடைக்கும் ஒரு மேடை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதைத் தன் அனுபவத்தில் கண்டவர், ஸ்காட்லாந்தின் இசைக்கென்றே அப்படி ஒன்றை உண்டாக்கினார். அவர் நிறுவிய 'ஹேண்ட்ஸ் அப் ஃபார் டிராட்' அமைப்புதான் இன்றும் போட்டியை நடத்துகிறது.

யார் கலந்துகொள்ளலாம்?

16 வயது முதல் 27 வயது வரை. வாசிப்பதும் பாடுவதும் ஸ்காட்டிஷ் மரபில் இருக்க வேண்டும். எந்த வாத்தியம் என்பதில் கட்டுப்பாடு இல்லை.

மேடைக்கு வருவதற்கு முன் என்ன நடக்கிறது?

தெற்கு லனார்க்‌ஷயரின் கிராமப்புறத்தில் விஸ்டன் லாட்ஜ் என்ற பெரிய வீடு இருக்கிறது. போட்டியாளர்கள் ஒரு வார இறுதியில் அங்கே போய்த் தங்குகிறார்கள். எப்படி மேடையில் பேசுவது, நிகழ்ச்சியை எப்படி அமைப்பது, ஊடகங்களை எப்படி எதிர்கொள்வது, இசையை நம்பி எப்படி வாழ்க்கையை நடத்துவது என்று அனுபவசாலிகள் சொல்லித்தருகிறார்கள். எனக்கு இந்தப் போட்டியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். நாளை எதிரெதிரே நிற்கப்போகிறவர்கள் ஒரே வீட்டில் உண்டு உறங்கி, இரவில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுச் சேர்ந்து வாசிக்கிறார்கள். அந்த வட்டத்தில் உருவாகும் நட்பிலிருந்துதான் அடுத்த பத்தாண்டுக்கான இசைக்குழுக்கள் பிறக்கின்றன.

இறுதிச் சுற்று எப்படி இருக்கும்?

ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட நேரம். கூடவே ஒரு பக்கவாத்தியக் குழு. பிடில், பேக்பைப், குரல் எல்லாம் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றன. வாத்தியத்துக்கு ஒரு பிரிவு என்ற பாகுபாடு இல்லை. நிகழ்ச்சி வானொலியில் நேரடியாக ஒலிபரப்பாகிறது; ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் ஒளிபரப்பாகும் பிபிசி ஆல்பா தொலைக்காட்சியிலும் காட்டப்படுகிறது. ஆகவே அரங்கில் இருக்கும் கூட்டத்தோடு, தீவுகளில் அடுப்பங்கரையில் வானொலியைத் திருகிவைத்துக் கேட்கும் பாட்டி தாத்தாக்களுக்கும் சேர்த்தே அவர்கள் வாசிக்கிறார்கள்.

பாட்டுக்கு முன் ஏன் அவ்வளவு பேசுகிறார்கள்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்காவிட்டாலும் நானே எழுப்பிப் பதில் சொல்லியிருப்பேன்.

அவர்கள் சொல்வது பெரும்பாலும் இப்படி இருக்கும்: இந்த மெட்டை இன்னாரிடம் கற்றேன், அவர் இந்தத் தீவில் இன்னாரிடம் கேட்டார், இரண்டாவது மெட்டு என் தோழி அவளுடைய தாத்தாவுக்காகக் கட்டியது. நம்மிடம் இதற்குச் சரியான சொல் உண்டு: பாடாந்தரம். ஒரு கிருதியைப் பாடினால் 'இது யாருடைய பாடாந்தரம்?' என்று கேட்போமே, அதேதான். எழுதிவைத்த சுரத்தைப் பார்த்து வாசிப்பவருக்கு இதைச் சொல்ல எதுவும் இருக்காது. ஒருவர் முன் உட்கார்ந்து காதால் வாங்கியவருக்குத்தான் சொல்ல இருக்கும்.

சில வேளை அந்த ஆசிரியர் உயிரோடு இருப்பதில்லை. 1951-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 'ஸ்கூல் ஆஃப் ஸ்காட்டிஷ் ஸ்டடீஸ்' தொடங்கப்பட்டது. அதில் பணியாற்றிய ஹேமிஷ் ஹெண்டர்சன் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். 1953-இல் அபர்டீன் நகரில் ஜீனி ராபர்ட்சன் என்ற பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டினார். ஊர்சுற்றி வாழ்ந்த நாடோடிச் சமூகத்தில் பிறந்தவர் ஜீனி. மேல்தட்டு மக்கள் ஏறெடுத்துப் பார்க்காத சமூகம் அது. அந்தப் பெண்ணின் நினைவில் நூற்றாண்டுகள் பழைய நெடுங்கதைப் பாடல்கள் அப்படியே இருந்தன, தாயிடமிருந்து வந்தவை. 1968-இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்பிஇ என்ற கௌரவப் பட்டம் கொடுத்தது. 1975-இல் இறந்தார். இன்று ஸ்காட்ஸ் மொழிப் பாட்டு கற்க வரும் இளம் பாடகர்கள் அவருடைய ஒலிப்பதிவைக் கேட்டுக் கற்கிறார்கள். மேடையில் அவர் பெயரைச் சொல்கிறார்கள். வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணின் பெயர் ஐம்பது ஆண்டு கழித்துப் பெரிய அரங்கில் நன்றியோடு சொல்லப்படுவதைக் கேட்கும்போது என் கண் நிறைந்துவிடுகிறது.

ஜிக், ரீல், ஸ்ட்ராத்ஸ்பே என்கிறார்களே, கர்நாடக இசை மட்டும் கேட்ட காதுக்கு எப்படி வேறுபடுத்துவது?

கையால் தாளம் போட்டுப் பாருங்கள், உடனே பிடிபடும். ஜிக் என்பது திஸ்ர நடை: தகிட தகிட என்று உருளும். ரீல் சதுஸ்ர நடை: தகதிமி தகதிமி என்று வேகமாக ஓடும். மார்ச் என்பது நடந்து போவதற்கு; அடி அழுத்தமாக விழும்.

ஸ்ட்ராத்ஸ்பே மட்டும் இவற்றிலிருந்து தனி. ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரைத் தாங்கிய இது ஸ்காட்லாந்துக்கே உரியது. ரீலைவிட நிதானமான நடை. ஆனால் ஒரு குட்டை அடியும் அதை ஒட்டி ஒரு நெட்டை அடியுமாக, வெடுக்கென்று சொடுக்கிவிட்டதுபோல் சுரங்கள் விழும். அந்தச் சொடுக்கு கேலிக் மொழிப் பேச்சின் ஓசையோடு ஒட்டிப்போவதாகப் பலர் சொல்வார்கள். அந்த மொழியில் அழுத்தம் சொல்லின் முதல் அசையில் விழுகிறது. பிடில்காரர் ஒருவரின் தரத்தை எடைபோட எனக்கு ஒரு ஸ்ட்ராத்ஸ்பே போதும். வேகமாக ரீல் வாசிப்பது விரல் பயிற்சியால் வந்துவிடும். வில்லை மேல்நோக்கி இழுக்கும் ஒரே இழுப்பில் பல சுரங்களைத் தனித்தனியாகத் தெறிக்கவிடுவது அப்படி வராது. பெர்த்‌ஷயரின் நீல் கவ் (1727–1807), வடகிழக்கின் ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னர் (1843–1927) ஆகிய இருவரும் இந்த வடிவத்தை வளர்த்த பெரியவர்கள்.

இவற்றோடு 'ஸ்லோ ஏர்' என்ற விளம்ப கால மெட்டும் உண்டு. தாளக்கட்டு தளர்ந்து, மூச்சின் அளவுக்கு நீளும். போட்டியில் பலர் தடுமாறுவது இங்கேதான். ஒளிந்துகொள்ள வேகம் இல்லை.

ஒரு மெட்டு பொதுவாக இரண்டு பகுதிகள் கொண்டது, ஒவ்வொன்றும் இருமுறை வரும். மூன்று நான்கு மெட்டுகளைக் கோத்து ஒரே மூச்சில் வாசிப்பார்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவும் அந்தக் கணத்தில் சுருதியோ நடையோ மாறும். அரங்கம் ஆரவாரம் செய்யும்.

பாடுபவர்கள் எந்த மொழியில் பாடுகிறார்கள்?

ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் தவிர இரண்டு மொழிகள் உள்ளன. ஒன்று கேலிக்: மேற்குத் தீவுகளிலும் வடமேற்கு மலைநாட்டிலும் வேர்கொண்ட பழைய மொழி. 2011 மக்கள்தொகைக் கணக்கில் அதைப் பேசுவோர் ஏறத்தாழ 57,000 பேர்தான். 2022-இல் அது 69,000-ஐத் தாண்டியது. மற்றொன்று ஸ்காட்ஸ்: ஆங்கிலத்தின் உடன்பிறப்பு, ராபர்ட் பர்ன்ஸ் கவிதை எழுதிய மொழி. 2025-இல் நிறைவேறிய சட்டம் இரண்டுக்கும் ஆட்சிமொழித் தகுதி தந்திருக்கிறது.

கேலிக் பாடகர்கள் ஜேம்ஸ் கிரஹாம் 2004-இலும் கத்ரியோனா வாட் 2007-இலும் வென்றார்கள். ஸ்காட்ஸ் பாடல்களில் ஒரு சுவையான செய்தி: 2002-இல் வென்ற எமிலி ஸ்மித், 2014-இன் ராபின் ஸ்டேபிள்டன், 2015-இன் கிளேர் ஹேஸ்டிங்ஸ் மூவரும் ஒரே பகுதியினர். தென்மேற்கு மூலையில் இருக்கும் டம்ஃப்ரீஸ் – காலவே. பர்ன்ஸ் தன் கடைசி ஆண்டுகளைக் கழித்து 1796-இல் இறந்ததும் அங்கேதான். பிழைப்புக்கு வரி வசூல் வேலை பார்த்துக்கொண்டே நாட்டார் மெட்டுகளைச் சேகரித்து, அறுந்துபோன வரிகளைத் தைத்து, தொகுப்பு நூலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அதற்காகப் பணம் வாங்க மறுத்தார்.

மொழி பேசுவோர் குறைந்துபோன இடத்தில் பாட்டுக்கு இன்னொரு பொறுப்பு வந்துவிடுகிறது. துணியை மேசையில் அடித்துப் பதப்படுத்தும்போது பெண்கள் பாடிய வேலைப் பாடல்கள் கேலிக்கில் ஏராளம். அந்த வேலை போய்விட்டது. அந்த வேலைக்குரிய சொற்கள் பாட்டில் மட்டும் தங்கியிருக்கின்றன. பதினெட்டு வயதுப் பெண் அதை மேடையில் பாடும்போது, அரங்கிலிருப்பவர்களில் பலருக்குப் பொருள் புரியாது. இருந்தும் பல்லவி வந்ததும் கூடப் பாடுகிறார்கள்.

பேக்பைப்காரர்களே அதிகம் வெல்வார்கள், இல்லையா?

இல்லை. பட்டியலில் பிடில் கலைஞர்களே மிகுதி. பைப் வாசித்து வென்றவர்கள் குறைவு: 2005-இல் ஸ்டூவர்ட் காசல்ஸ், 2020-இல் பைப்பும் விசில் எனப்படும் சிறு குழலும் வாசிக்கும் ஆலி லெவாக்.

ஆனால் அந்த வாத்தியத்தின் கடினத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மெட்டு வாசிக்கும் குழலில் மொத்தம் ஒன்பதே சுரங்கள். காற்று நிற்காது, எனவே இடைவெளி விட முடியாது, ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஒரே சுரம் இருமுறை வந்தால் நடுவில் மின்னல்போல் ஓர் அணுசுரத்தை வெட்டித்தான் பிரிக்க வேண்டும். தோளில் சாய்ந்த மூன்று குழல்கள் விடாமல் சுருதி பிடிக்கும். பீப்ரக் எனப்படும் பெரிய இசை வடிவத்தில் முதலில் மெட்டைப் பொறுமையாக விரித்து, பிறகு படிப்படியாகச் செறிவான மாற்றுருவங்கள் வரும். அதைப் பழைய ஆசான்கள் வாயால் ஒலிக்கும் சொற்கட்டுகளாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு அசைக்கும் ஒரு சுரம் அல்லது விரல் அசைவு. மிருதங்கம் கற்றவர்கள் அதைக் கேட்டால் தம் குரு வீட்டுத் திண்ணைக்கே போய்விடுவார்கள்.

பியானோவும் கிடாரும் எப்படி மரபு வாத்தியங்கள் ஆயின?

2021-இல் பியானோ கலைஞர் மைக்கேல் பிகின்ஸ் வென்றார். 2023-இல் ஷெட்லாந்துத் தீவின் ஏமி லாரன்சன், அவரும் பியானோ. 2024-இல் கிடார் வாசித்துப் பாடும் காலம் மக்கில்ராய். ஷெட்லாந்தில் பிடிலுக்குப் பக்கத்தில் பியானோ தாளம் போட்டுக்கொண்டே இருந்தது நெடுநாள் பழக்கம். பக்கவாத்தியமாக இருந்ததை முன்னால் கொண்டுவந்து அதிலேயே மெட்டை வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தக் கேள்வியைத் தமிழர் கேட்டால் ஒரு பதில் கைவசம் உண்டு: வயலின் நமக்கு எப்படி வந்தது?

சரி, எப்படி வந்தது? நம் இசைக்கும் இதற்கும் உண்மையில் தொடர்பு உண்டா?

உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) சென்னையில் ஐரோப்பிய வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். அண்ணன், ஜார்ஜ் கோட்டை இராணுவ வாத்தியக் குழுக்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். இன்று குழந்தைகள் பாடும் நோட்டுஸ்வரங்கள் அவைதாம். அவற்றில் ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டார் மெட்டுகளின் சாயல் இருப்பதை இசையறிஞர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

எதிர்த் திசையிலும் ஒன்று போயிருக்கிறது: நம் சுருதிப் பெட்டி. இன்று கேலிக், ஸ்காட்ஸ் பாடகர்களில் பலர் அதை மேடையில் வைத்துக்கொள்கிறார்கள். பேக்பைப்பின் விடாச் சுருதியில் பழகிய காது என்பதால் அது அவர்களுக்கு அந்நியமாக இல்லை.

இவர்கள் எங்கே கற்றுக்கொள்கிறார்கள்?

வீட்டில், பக்கத்து வீட்டில், மதுக்கடை மூலையில் நடக்கும் கூட்டு வாசிப்பில். இவை எப்போதும் இருந்தவை. ஆனால் இன்றைய செழிப்பு தானாக வரவில்லை. 1981-இல் பாரா தீவில், பிள்ளைகள் தம் தீவின் இசையும் மொழியும் தெரியாமல் வளர்கிறார்களே என்று கவலைப்பட்டவர்கள் 'ஃபேஷ்' என்ற பயிற்சித் திருவிழாவைத் தொடங்கினார்கள். அது ஊர் ஊராகப் பரவியது. ஷெட்லாந்தில் டாம் ஆண்டர்சன் (1910–1991) பிடிலைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனார். கிளாஸ்கோவில் இன்று ராயல் கன்சர்வட்டாயர் எனப்படும் கல்லூரி 1996-இல் ஸ்காட்டிஷ் இசைக்குப் பட்டப் படிப்பு தொடங்கியது. 2000-இல் மேற்குக் கரைச் சிற்றூர் பிளாக்டனின் உயர்நிலைப் பள்ளியில் மரபிசைக்கான தேசிய மையம் வந்தது. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் மாணவர்கள் அங்கே தங்கிப் படிக்கலாம்.

விருதுத் திட்டம் உருவான ஆண்டும் பிளாக்டன் மையம் தொடங்கிய ஆண்டும் ஒன்றே. கற்பிக்க ஓர் இடமும் கற்றதைக் காட்ட ஓர் இடமும் ஒரே நேரத்தில் கிடைத்தது அந்தத் தலைமுறையின் நற்பேறு.

மரபிசைக்குப் போட்டி தேவையா? அது இசையைக் கெடுக்காதா?

கெடுக்கும், கெடுத்தும் இருக்கிறது. பேக்பைப் போட்டிகள் 1781-இல் ஃபால்கர்க் நகரில் தொடங்கின. நாளடைவில் நடுவர்கள் எதிர்பார்ப்பது அச்சிட்ட வடிவம் என்றாகி, அதிலிருந்து விலகி வாசிக்கப் பலர் அஞ்சினார்கள். ஒவ்வோர் ஆசான் வீட்டிலும் இருந்த வேறுவேறு பாடங்கள் ஒதுங்கிப்போயின. 1892-இல் ஓபன் நகரில் தொடங்கிய கேலிக் பெருவிழாவான மோட் போட்டி, மொழிக்குச் செய்த தொண்டு மிகப் பெரிது. ஆனால் அதன் மேடைப் பாணி கிராமத்துப் பாடல்முறையை மெருகேற்றி மழுக்கிவிட்டது என்ற குறையும் பல காலமாக இருக்கிறது.

பிடிலில் ஷெட்லாந்துப் பாணியும் வடகிழக்குப் பாணியும் வேறு. ஒன்றை மற்றதன் அளவுகோலால் அளந்தால் இரண்டும் கெடும். இந்த ஆபத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இருந்தும் இந்த விருதை நான் ஆதரிக்கிறேன். காரணம் அதன் அமைப்பு. பிடிலும் பைப்பும் குரலும் ஒரே மேடையில் வரும்போது 'சரியான பாடம்' என்று ஒன்றை வைத்துக்கொண்டு யாரும் மதிப்பெண் போட முடியாது. இந்த இளைஞரிடம் இந்த இசை உயிரோடு இருக்கிறதா என்று மட்டுமே கேட்க முடியும். 2016-இல் மொஹ்சென் அமீனி கான்சர்டினாவில் வென்றதை எண்ணிப் பாருங்கள். முரட்டு வேகமும் தாளத்தில் மூழ்கிய ஆவேசமும் கொண்ட வாசிப்பு அவருடையது; ஒரே அச்சில் வார்க்க நினைக்கும் எந்தப் போட்டியும் அவரைக் கடைசியில் தள்ளியிருக்கும்.

வென்றால் என்ன கிடைக்கும்?

பிபிசி ஸ்காட்லாந்தில் ஒலிப்பதிவு, இசைக்கலைஞர் சங்க உறுப்பினர் தகுதி, ஆண்டு முழுவதும் வழிகாட்டல், ஸ்காட்ஸ் மரபிசை விருது விழாவில் மேடை. கைநிறையப் பணம் தரும் விருது அல்ல. வாய்ப்புகளின் கதவைத் திறந்துவிடும் விருது.

வென்றவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

ஸ்டூவர்ட் காசல்ஸ், பேக்பைப்போடு ராக் இசையைக் கலந்து உலகம் சுற்றிய 'ரெட் ஹாட் சில்லி பைப்பர்ஸ்' குழுவின் நிறுவனர்களில் ஒருவர். 2003-இல் வென்ற ஆனா மாசி, கிடாரும் மாண்டலினும் பிடிலும் வாசிப்பவர். 'பிளேஸிங் ஃபிடில்ஸ்' குழுவில் இருக்கிறார், வானொலியிலும் நிகழ்ச்சி நடத்துகிறார். 2008-இன் யூவன் ராபர்ட்சன் 'பிரேபாக்' குழுவின் குரல்களில் ஒன்று. அமீனி 'தாலிஸ்க்', 'ஈமார்' குழுக்களோடு புகழ்பெற்று, 2018-இல் பிபிசி ரேடியோ 2 நாட்டாரிசை விருதில் ஆண்டின் சிறந்த இசைக்கலைஞர் ஆனார்.

வெல்லாத ஐவரும் காணாமல் போவதில்லை. இறுதிச் சுற்றுக்கு வந்தவர் என்பதே விழாக் குழுக்களிடம் அறிமுகச் சீட்டு.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

'டோபர் அன் டுவல்கஸ்' என்ற இணையக் களஞ்சியம் 2010-இல் திறக்கப்பட்டது. ஸ்கூல் ஆஃப் ஸ்காட்டிஷ் ஸ்டடீஸ், பிபிசி, கன்னா தீவுத் தொகுப்பு ஆகியவற்றின் பழைய களப்பதிவுகளை அதில் இலவசமாகக் கேட்கலாம். ஒரு பாட்டை அங்கே முதியவர் ஒருவரின் குரலில் கேளுங்கள். நாய் குரைப்பதும் கடிகாரம் அடிப்பதும் சேர்ந்தே கேட்டால் இன்னும் நல்லது. பிறகு அதே பாட்டை 2018-இல் வென்ற ஹன்னா ராரிட்டி போன்ற இளம் பாடகர் யாராவது பாடியிருந்தால் தேடி எடுத்து, உடனே அடுத்ததாகக் கேளுங்கள். மூன்றாம் முறை முதியவரிடமே திரும்பி வந்து, தொடையில் தாளம் போட்டபடி கேளுங்கள்: எந்த வரியில் அவர் தாளத்துக்குக் காத்திராமல் மூச்சுக்காக நிற்கிறார், அந்த இடத்தில் இளையவர் என்ன செய்தார் என்று.